டீச்சரிடம் கேளுங்கள்: செய்தியில் கிடைக்கும் ஆங்கிலம்

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் இந்தப் பக்கத்தில், பள்ளிக்கூடம் எனக்கு ஆங்கில இலக்கணம் தந்தது, சொற்களைத் தந்தது ரேடியோ செய்திதான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. இந்த மாதம் வேறு எதையும் எடுக்கவில்லை.

டீச்சர், மூன்று மாதமாகத் தினமும் இரவு ஒரு மணி நேரம் ஆங்கிலச் செய்தி சேனல் பார்க்கிறேன். சத்தம்தான் கேட்கிறது, சொல் எதுவும் தங்கவில்லை. நான் எங்கே தப்பு செய்கிறேன்?
*– கல்லூரி மாணவி, தங்கச்சிமடம்*

இரவு எத்தனை மணிக்குப் பார்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்பது மணி என்றால், நீங்கள் பார்ப்பது செய்தி இல்லை, விவாதம். ஆறு பேர் ஆறு கட்டத்துக்குள் உட்கார்ந்து ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுகிறார்கள். ஒரு வாக்கியமும் முழுதாக முடிவதில்லை. அதை வைத்து உங்கள் காதை எடை போடாதீர்கள்.

செய்தி அறிக்கை என்பது வேறு. எழுதி வைத்ததை ஒருவர் நிதானமாக வாசிப்பது. எழுவாய், பயனிலை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். ஆகாசவாணி காலை 8.15-க்கும் இரவு 9-க்கும் கால் மணி நேரம் ஆங்கிலத்தில் வாசிக்கிறது. போனிலேயே கேட்கலாம். ஒரு நாளைக்கு அந்தக் கால் மணி நேரம் போதும். மிச்ச முக்கால் மணி நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஆங்கிலத்தில் கேட்பதற்கு முன்னால் அதே செய்தியைத் தமிழில் கேட்டுவிடுங்கள். என் அப்பா நாட்டுப்படகுக்காரர். காற்று எப்படி என்று தெரிந்துகொள்ள டிரான்சிஸ்டரைத் திருப்புவார். தமிழ்ச் செய்தி முடிந்ததும் பேட்டரி தீர்ந்துவிடும் என்று அணைக்கப் போவார். கொஞ்சம் பொறுங்கப்பா என்று நான் கெஞ்சி ஆங்கிலச் செய்தியையும் கேட்பேன். தமிழில் கேட்ட அதே சமாசாரம் ஆங்கிலத்தில் வரும்போது, யார், எங்கே, எத்தனை பேர் என்பதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் தெரியாத சொல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதைப் பிடிப்பது சுலபம். எல்லாமே தெரியாதபோது எதைப் பிடிப்பது?

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் சொற்களைப் பற்றியே ஆராய்ந்தவர் பால் நேஷன். பேச்சு ஆங்கிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சொல் தெரிந்திருக்க வேண்டுமானால் 6,000 முதல் 7,000 சொல் குடும்பங்கள் வேண்டும் என்று 2006-ல் எழுதினார். பயந்துவிடாதீர்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை மட்டும் எடுத்துப் பார்த்த வெப், ராட்ஜர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 3,000 குடும்பங்களும் ஆள் பெயர், ஊர்ப் பெயரும் தெரிந்தாலே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிடிபடும் என்று 2009-ல் கண்டார்கள். குடும்பம் என்றால்? ‘டிடெய்ன்’ ஒரு சொல். ‘டிடெய்ன்டு’, ‘டிடென்ஷன்’, ‘டிடெய்னீ’ எல்லாம் அதன் பிள்ளைகள். ஒன்றைப் பிடித்தால் மற்றது பின்னால் வரும். மிச்சமுள்ள அந்த ஐந்து சொல்லை ஊகிக்க, செய்தி முன்பே தெரிந்திருப்பதுதான் கைகொடுக்கும்.

தினமும் டிக்‌ஷனரி பார்த்து இருபது சொல், இருபது அர்த்தம் எழுதுகிறேன். ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது. நோட்டு போடுவதற்கு ஏதாவது முறை உண்டா?
*– ஐ.டி.ஐ. மாணவர், மண்டபம்*

தம்பி, உங்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் விசைப்படகில் போனவன். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை படகோடு பிடித்துப்போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவன் அம்மா போனைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். யாரோ அனுப்பிய ஆங்கிலச் செய்தித் துணுக்கு. அதில் ‘சிக்ஸ் மன்த்ஸ்’ என்பதும் ‘ஃபைவ் இயர்ஸ்’ என்பதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. “டீச்சர், அஞ்சு வருசமா? அதோட ஆறு மாசமுமா?” என்று கேட்டுவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் மூன்று தடவை ஓட்டிக் கேட்டேன். ‘சென்டென்ஸ்டு டு சிக்ஸ் மன்த்ஸ் இன் பிரிசன், சஸ்பெண்டட் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றது. ஆறு மாதச் சிறை. ஆனால் அந்தத் தண்டனையை ஐந்து வருடத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த ஐந்து வருடத்துக்குள் மறுபடியும் குற்றத்தில் சிக்கினால்தான் சிறைக்குப் போக வேண்டும். “அக்கா, பையன் வீட்டுக்கு வர்றான்” என்றேன். அவருக்கு நம்பிக்கை வர நேரமாயிற்று. நாலைந்து தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு ஒரு நாள் விமானத்தில் சென்னை வந்து, அங்கிருந்து வேனில் ஊருக்கு வந்து சேர்ந்தான்.

‘சஸ்பெண்ட்’ அவருக்குத் தெரியாத சொல்லா? நம் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். ஆபீசில் ஒருவரை சஸ்பெண்ட் செய்கிறார்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடுவது நின்றபோது ‘டிரெயின் சர்வீசஸ் சஸ்பெண்டட்’ என்று அதே சொல்தான் வந்தது. ஆபீஸ்காரருக்கு அது கெட்ட செய்தி, பயணிக்கும் கெட்ட செய்தி, பக்கத்து வீட்டு அக்காவுக்கு நல்ல செய்தி. சொல் ஒன்றுதான். பக்கத்தில் எது உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து விஷயம் மாறிவிடுகிறது. உங்கள் நோட்டில் ‘சஸ்பெண்ட் – நிறுத்திவை’ என்று மட்டும் இருந்தால் அது அன்று அந்த அம்மாவுக்கு உதவியிருக்காது.

ஆகவே தனிச் சொல்லை எழுதாதீர்கள், தொடராக எழுதுங்கள். ஒரு சம்பவத்துக்கு ஒரு பக்கம். இடது பாதியில் ஆங்கிலத் தொடர், வலது பாதியில் அதற்குத் தமிழ்ப் பத்திரிகை போட்ட தொடர். டிக்‌ஷனரி அர்த்தம் அடுத்த கட்டம். என் நோட்டில் ‘படகு’ என்று தலைப்புப் போட்ட ஒரு பக்கம் இப்படிப் போகும்: ‘டிடெய்ன்டு’ என்ற இடத்தில் சிறைபிடிப்பு. ‘போட்ஸ் இம்பவுண்டட்’ என்ற இடத்தில் படகுகள் பறிமுதல். ‘புரொட்யூஸ்டு பிஃபோர் தி கோர்ட்’ என்ற இடத்தில் நீதிமன்றத்தில் ஆஜர். பாடப் புத்தகத்தில் ‘புரொட்யூஸ்’ என்றால் உற்பத்தி, இங்கே ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவது. அப்புறம் ‘ரிமாண்டட்’, நீதிமன்றக் காவல். கடைசியில் ‘ரிபேட்ரியேட்டட்’, தாயகம் அனுப்பிவைப்பு. கரையிலிருந்து கிளம்பி மறுபடியும் கரைக்கு வருகிற ஒரு கதை அது. கதையாக இருப்பதால் மறக்காது.

இருபது சொல் வேண்டாம். ஐந்து போதும். ஆனால் அந்தச் சம்பவத்தை விடாமல் நான்கைந்து நாள் பின்தொடருங்கள். செய்தியில் இருக்கிற பெரிய வசதியே இதுதான். திங்கட்கிழமை கேட்ட சொல்லை வியாழக்கிழமை அவர்களே திருப்பிச் சொல்வார்கள். மனப்பாடம் செய்கிற வேலையை செய்தி வாசிப்பவர் பாதி செய்துவிடுகிறார்.

டிவியில் கீழே ஓடுகிற எழுத்தில் ‘டோல்’, ‘ரோ’, ‘நாட்’, ‘ஹெல்டு’ என்று வருகிறது. எனக்குத் தெரிந்த அர்த்தம் எதுவும் பொருந்தவில்லையே?
*– டீக்கடை வைத்திருப்பவர், உச்சிப்புளி*

பொருந்தாதுதான். இடம் குறைவு என்பதால் குட்டைச் சொற்களைப் போடுகிறார்கள். நீங்கள் சொன்ன ‘டோல்’ சுங்கச்சாவடி இல்லை, ‘டோல் ரைசஸ் டு டுவெல்வ்’ என்றால் இறந்தவர் எண்ணிக்கை பன்னிரண்டாயிற்று. ‘நாட்’ என்பது தலையாட்டுவது, அதாவது ஒப்புதல். ‘ஹெல்டு’ என்றால் கைது. ‘ரோ’ என்று நீங்கள் வாசித்ததை ‘ரௌ’ என்று வாசிக்க வேண்டும். அதே எழுத்துத்தான். வரிசை என்றால் ‘ரோ’, தகராறு என்றால் ‘ரௌ’. இந்த மாதிரிச் சொல் இருபது முப்பதுதான் இருக்கும். கடையில் டிவி ஓடிக்கொண்டேதானே இருக்கிறது, ஒரு மாதத்தில் அத்தனையும் பழகிவிடும்.

எனக்கு மற்ற ஆங்கிலம் எதுவும் வேண்டாம். புயல், காற்று பற்றிச் சொல்வது புரிந்தால் போதும். எங்கிருந்து தொடங்குவது?
*– நாட்டுப்படகு மீனவர், வேதாளை*

அண்ணே, இந்தக் கட்டிலேயே என் மனதுக்கு நெருக்கமான கேள்வி உங்களுடையது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது எனக்கு இரண்டு வயது. அந்த ராத்திரியைப் பற்றிப் பேசினாலே அம்மாவின் குரல் இறங்கிவிடும். அதனால் வானிலைச் செய்தியை நான் பாடமாக நினைத்துக் கேட்டதில்லை.

நல்ல விஷயம் என்னவென்றால், ஆங்கிலத்திலேயே கற்றுக்கொள்ள மிகச் சுலபமானது வானிலை அறிக்கைதான். வருடம் முழுக்க அதே சொற்கள், அதே வரிசை. சென்னை மண்டல வானிலை மையம் அறிக்கையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதைவிட நல்ல டிக்‌ஷனரி கிடையாது.

நான் பள்ளியில் படித்தபோது ‘டிப்ரஷன்’ என்ற சொல்லுக்கு டிக்‌ஷனரியில் மனச்சோர்வு என்று பார்த்துவிட்டு, வங்காள விரிகுடாவுக்கு எப்படி மனச்சோர்வு வரும் என்று ஆசிரியரிடம் கேட்டேன். அவர் கரும்பலகையில் ஒரு பள்ளம் வரைந்து காட்டினார். அந்தச் சொல்லுக்கு அடியில் இருப்பது அமுங்குதல், இறங்குதல். மனம் இறங்கினாலும் அதுதான், காற்றழுத்தம் இறங்கினாலும் அதுதான். நம் செய்தியில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்கிறோமே, அதுதான் ‘டிப்ரஷன்’. காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர். ‘டீப் டிப்ரஷன்’ என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 50 முதல் 61. 62-ஐத் தொட்டால் ‘சைக்ளோனிக் ஸ்டார்ம்’, புயல். 89-ஐத் தொட்டால் ‘சிவியர்’ என்ற சொல் முன்னால் ஒட்டிக்கொள்ளும், தீவிரப் புயல். வலுக்கும்போது ‘இன்டென்சிஃபை’, வலுவிழக்கும்போது ‘வீக்கன்’. ‘லேண்ட்ஃபால்’ என்றால் புயல் கரையைக் கடப்பது. நிலத்தில் எதுவும் விழுவதில்லை.

அப்புறம் உங்களுக்கென்றே வருகிற வாக்கியம் ஒன்று உண்டு. ‘ஸ்குவாலி வெதர் வித் விண்ட் ஸ்பீட் ரீச்சிங் ஃபார்ட்டி ஃபைவ் டு ஃபிஃப்டி ஃபைவ், கஸ்டிங் டு சிக்ஸ்டி ஃபைவ்’ என்று தொடங்கும். ‘ஸ்குவாலி’ என்பது சூறைக்காற்று. ‘கஸ்டிங்’ என்பதைத்தான் தமிழ் அறிக்கையில் ‘இடையிடையே’ என்று போடுகிறார்கள். 45, 55 என்பது தொடர்ந்து வீசுவது, 65 என்பது நடுநடுவே வந்து அடிப்பது. அந்த மூன்றாவது எண்ணைக் கவனமாகக் கேளுங்கள். ‘கல்ஃப் ஆஃப் மன்னார்’ மன்னார் வளைகுடா. ‘கொமொரின் ஏரியா’ என்றால் குமரிக்கடல். கடைசியில் ‘ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்டு நாட் டு வென்ச்சர் இன்டு’ என்று முடியும். ‘வென்ச்சர்’ சும்மா போவது இல்லை, ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தும் துணிந்து இறங்குவது. அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த வாக்கியம் எனக்குப் பிடிக்கும்.

மழைக்கும் அளவு இருக்கிறது. ‘அட் ஐசொலேட்டட் பிளேசஸ்’ ஓரிரு இடங்களில், ‘அட் எ ஃப்யூ பிளேசஸ்’ சில இடங்களில், ‘மெனி’ பல இடங்களில், ‘மோஸ்ட்’ பெரும்பாலான இடங்களில். ‘ஹெவி’ என்றால் கனமழை, ‘வெரி ஹெவி’ மிக கனமழை, ‘எக்ஸ்ட்ரீம்லி ஹெவி’ அதி கனமழை. 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் இந்தக் கடைசிச் சொல். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்று இந்தச் சொல்லோடு ‘கிளவுட்பர்ஸ்ட்’ என்ற சொல்லும் எல்லாச் சேனலிலும் ஓடியது. மேகவெடிப்பு. ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் பெய்வதற்கு அப்படிப் பெயர்.

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு காற்றுக்கும் உங்களிடம் பெயர் இருக்கிறது. ஆங்கில அறிக்கையில் திசையைச் சேர்த்து ‘நார்த்ஈஸ்டர்லி’ என்பார்கள். வடகிழக்கிலிருந்து வருகிற காற்று என்று பொருள். காற்று போகிற திசை என்று நினைத்துவிடக் கூடாது. இது மட்டும் மறக்கவே கூடாது அண்ணே.

பி.பி.சி. கேட்பதா, நம் நாட்டு ஆங்கிலச் செய்தி கேட்பதா? வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன்.
*– ராமநாதபுரம் வாசகர்*

முதல் ஆறு மாதம் நம் நாட்டுச் செய்தி. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் பழகியவை, லட்சம், கோடி என்று எண்ணுவதும் நம் கணக்கு. பி.பி.சி.யில் ஒரு லட்சத்தை ‘ஹண்ட்ரட் தவுசண்ட்’ என்பார்கள். அந்தக் கணக்கை மனதில் மாற்றுவதற்குள் அடுத்த செய்தி போய்விடும். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாம்பன் பாலம் திறந்த அன்று தாம்பரத்துக்கு விட்ட ரயிலை ‘ஃபிளாக்டு ஆஃப்’ என்று நம் சேனல்கள் எல்லாம் சொன்னன. கொடியசைத்துத் தொடங்குவதற்கு இந்தியாவில் நாம் புழங்குகிற தொடர் அது.

பிறகு பி.பி.சி.க்குப் போகலாம். நேரடிச் செய்திக்கு முன் ‘பி.பி.சி. லேர்னிங் இங்கிலீஷ்’ கேளுங்கள், எழுத்து வடிவமும் கிடைக்கும். மெதுவாக வாசிப்பதைப் பற்றி யாரும் வெட்கப்பட வேண்டாம். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-லேயே ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ என்று ஏறக்குறைய 1,500 சொற்களை மட்டும் வைத்து, வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் செய்தி வாசிக்கத் தொடங்கியது. யூடியூபில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், 0.75-க்குக் கீழே போக வேண்டாம், குரல் இழுத்துவிடும். தானாக வரும் வசன எழுத்தை முதல் தடவை மறைத்துவிட்டுக் கேளுங்கள், இரண்டாம் தடவை பாருங்கள். நம் ஊர்ப் பெயர்களை அது தப்புத் தப்பாக எழுதும், அங்கே மட்டும் உங்கள் காதை நம்புங்கள்.

உச்சரிப்பை நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்கிறேன். சரிதானே?
*– ஆசிரியர் பயிற்சி மாணவி, கீழக்கரை*

இங்கே நானே தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன், பத்திரிகை தமிழ்ப் பத்திரிகை என்பதால். நோட்டில் அப்படிச் செய்யாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடலில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். செய்தியில் ‘ஃபிஷிங் பேன்’ என்பார்கள். சமையலறைச் சட்டியும் ‘பேன்’தான். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று, ஆங்கிலத்தில் முதல் எழுத்தே வேறு, தடைக்கு B, சட்டிக்கு மூச்சை அழுத்திச் சொல்கிற P. வாய்க்கு முன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். சட்டியைச் சொல்லும்போது மூச்சு கையில் படும், தடையைச் சொல்லும்போது படாது. தமிழ் எழுத்தில் இதைக் காட்ட வழியில்லை.

இன்னொன்று அழுத்தம். தமிழில் நாம் எல்லா அசையையும் ஒரே மாதிரி சொல்வோம். ஆங்கிலத்தில் அழுத்தம் இடம் மாறினால் சொல்லே மாறும். மீனவர்கள் போராடினால் அது ‘புரோடெஸ்ட்’. போராட்டம் என்ற பெயர்ச்சொல்லுக்கு முதல் அசையில் அழுத்தம், போராடு என்ற வினைக்கு இரண்டாவதில். ‘ரெகார்டு’, ‘இன்கிரீஸ்’, ‘எக்ஸ்போர்ட்’ எல்லாம் இப்படித்தான். நோட்டில் அழுத்தம் விழும் அசைக்கு மேல் ஒரு கோடு போடுங்கள், அது போதும். எழுத்தைப் பார்த்து வாசித்தால் ஏமாற்றும் சொற்களைச் செய்தியில் கேட்டே பிடிக்கலாம். புயல் சிதைத்துப் போட்ட குப்பையை ‘டெப்ரீ’ என்பார்கள், கடைசியில் இருக்கும் ‘எஸ்’ வாயில் வராது. ராணுவம் ஆட்சியைப் பிடித்தால் ‘கூ’, எழுத்தில் கடைசியில் ஒரு ‘பி’ சும்மா நிற்கும்.

ஒரே சம்பவத்தை இந்தியச் செய்தியில் ஒரு சொல்லிலும் கொழும்புச் செய்தியில் வேறு சொல்லிலும் சொல்கிறார்கள். எது சரியான ஆங்கிலம்?
*– முதுகலை மாணவர், ராமேஸ்வரம்*

இரண்டும் சரியான ஆங்கிலம். சொல்கிற ஆள் எந்தக் கரையில் நிற்கிறார் என்பதுதான் வேறு. நம் ஆள் எல்லைக்கு அப்பால் போனதை ‘ஸ்ட்ரேய்டு’ என்று நம் செய்தி சொல்லும். வழி தவறி, தெரியாமல் போய்விட்டார் என்று அர்த்தம். ‘கிராஸ்டு’ என்றால் கடந்தார், அதில் பாசமும் இல்லை, கோபமும் இல்லை. ‘இன்ட்ரூடட்’ என்றால் அத்துமீறி நுழைந்தார். இலங்கைக் கடற்படை அறிக்கையில் ‘போச்சிங்’ என்று வரும். அடுத்தவர் இடத்தில் திருட்டு வேட்டை ஆடுவது. நம் பத்திரிகைகள் ‘அலெஜெட்லி’ என்று ஒன்று சேர்க்கும். ‘குற்றச்சாட்டு இருக்கிறது, நிரூபிக்கப்படவில்லை’ என்பதை அந்த ஒரே சொல் சொல்லிவிடும். நம் தமிழ்ச் செய்தியில் ‘எல்லை தாண்டியதாகக் கூறி’ என்று வருகிறதே, அதில் ‘கூறி’ செய்கிற வேலை அது.

சொல்லிக்கொள்கிறேன், இதில் எனக்குப் பக்கம் இல்லாமல் இல்லை. என் தெருவில் சிறைக்குப் போகாத வீடு குறைவு. கச்சத்தீவு ஒப்பந்தம் போட்ட 1974-ஐயும் அடுத்த ஒப்பந்தம் வந்த 1976-ஐயும் எங்கள் பெரியவர்கள் தேதியோடு சொல்வார்கள். ஆனால் அந்தப் பக்கத்து மீனவரும் தமிழ் பேசுகிறவர்தான். போர் முடிந்து வலையை எடுத்தவர். கடல் தரையை வாரி இழுக்கிற உங்கள் இழுவைமடி எங்கள் வலையைக் கிழிக்கிறது என்று அவர் சொல்வதும் உண்மை. இழுவைமடியை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. செய்தியில் அதற்கு ‘பாட்டம் டிராலிங்’ என்று பெயர். நீங்கள் முதுகலை மாணவர் என்பதால் சொல்கிறேன். ஒரு சம்பவத்தை எடுத்து, இரண்டு கரைச் செய்தியையும் வைத்து, வினைச்சொற்களை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். யார் என்ன சொல்லாமல் விட்டார்கள் என்பதும் தெரியும். நான் வகுப்பில் செய்த வேலைகளிலேயே பிள்ளைகள் அதிகமாகப் பேசியது இதில்தான்.

என் அம்மா எட்டாம் வகுப்பு. தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போவார். நான் ஆங்கிலச் செய்தி கேட்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடு என்கிறார். 46 வயது. எப்படித் தொடங்குவது?
*– வாசகி, பாம்பன்*

நம் ஊரா! சந்தோஷம்.

முதல் வாரம் அம்மாவுக்கு அர்த்தம் எதுவும் சொல்லாதீர்கள். எண்ணை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். தேதி, கிலோமீட்டர், எத்தனை பேர், எத்தனை ரூபாய். அவர் பாசியை எடை போட்டு விற்கிறவர், எண்ணில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. கால் மணி நேரச் செய்தியில் எத்தனை எண் பிடித்தார் என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொள்ளட்டும். இரண்டாம் வாரம் ஊர்ப் பெயர், நாட்டுப் பெயர். மூன்றாம் வாரம், எண்ணுக்குப் பக்கத்தில் வந்த சொல் என்ன என்று நீங்கள் கேளுங்கள். ‘டுவென்ட்டி ஒன் ஐலண்ட்ஸ்’ என்று காதில் விழுந்தால் அவருக்கு உடனே தெரியும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவில் 21 தீவு இருக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘ஐலண்ட்’ என்றால் தீவு என்று அவரே சொல்வார். நீங்கள் ஆமாம் என்றால் போதும்.

அப்புறம் அவருக்குத் தெரிந்த கடலிலிருந்து எடுங்கள். பாசிக்கு ‘சீவீட்’. பவளப்பாறைக்கு ‘கோரல் ரீஃப்’. கடல் குதிரைக்கு ‘சீ ஹார்ஸ்’, அப்படியே நம் சொல். கடல் அட்டைக்கு ‘சீ குக்கும்பர்’, அதாவது கடல் வெள்ளரி. அட்டையைப் பிடித்தார்கள், பறிமுதல் செய்தார்கள் என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது செய்தி வருகிறது, 2001-லிருந்து அது பாதுகாக்கப்பட்ட உயிர் என்பதால். ‘சீஸ்டு’ என்ற சொல் அந்தச் செய்தியிலேயே அம்மாவுக்குக் கிடைத்துவிடும். அவர் தப்பாகச் சொன்னால் உடனே திருத்தாதீர்கள். செய்தி மறுநாளும் வரும், அவர் காதே திருத்திக்கொள்ளும்.

உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன். அம்மாவை அழைத்துக்கொண்டு வாருங்கள். அவர் எடுக்கிற பாசி வகைகளின் பெயரையெல்லாம் எனக்குச் சொல்லட்டும், எனக்கு நாலைந்துதான் தெரியும். நான் எட்டேகால் மணிச் செய்தியைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், சேர்ந்து கேட்கலாம்.